சிகாகோவில் சின்ன மெக்சிகன் ஃப்யூஷன் ஓட்டல்: சுத்த சைவப் பெற்றோருக்கு எதை, எப்படிக் கேட்டு வாங்குவது?

குடந்தை_வடக்குவீதி

அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு அடுத்த மாசம் கும்பகோணத்திலிருந்து சிகாகோ போறேன், தங்கை வீட்டுக்கு. மாப்பிள்ளை ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு மெக்சிகன் ஃப்யூஷன் ஓட்டல்ல இடம் போட்டிருக்கார். ரொம்பச் சின்ன இடம், முப்பது பேர் உட்காரலாம். மெனு அனுப்பியிருக்கார்: கொரியன் டாக்கோ, காளான் கேசடியா, பன்னீர் டிக்கா புரிட்டோ, கறுப்பு பீன்ஸ் என்சிலாடா, மோலே, எலோட்டே, சுரோஸ்.

அப்பா மீன், முட்டை எதையும் தொட மாட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. காரம் ரெண்டு பேருக்கும் பிரச்சினையே இல்லை. "வெஜ்"னு ஒரு வார்த்தை சொன்னா போதுமா, ஒவ்வொண்ணா விசாரிக்கணுமா? மொத்தம் ஆறு பேர் போறோம்.

மன்னை_மதிலழகு

பன்னீர் புரிட்டோ வாங்கிக் குடுத்துடுங்க. நம்ம சப்பாத்தி ரோல்தான் சார் அது. யோசிக்கவே வேண்டாம்.

ஐயாற்றுப்படித்துறை

யோசிக்கத்தான் வேண்டும். அந்தப் புரிட்டோவில் பன்னீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

"வெஜ்" என்றால் தட்டில் கறித்துண்டு இருக்கக் கூடாது என்றுதான் பரிமாறுகிறவர் எடுத்துக்கொள்வார். எந்தக் கொழுப்பில் வதக்கினார்கள், எந்தச் சாறில் வேகவைத்தார்கள் என்பது அவர் கணக்கில் வராது.

முதலில் டார்ட்டியா, அதாவது டாக்கோ, புரிட்டோ எல்லாவற்றையும் மடிக்கிற மெல்லிய ரொட்டி. மைதா டார்ட்டியா மெத்தென்று மடிய வேண்டுமானால் மாவில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். அது தாவரக் கொழுப்பாகவும் இருக்கும், லார்ட் எனும் பன்றிக்கொழுப்பாகவும் இருக்கும். புரிட்டோ மைதாவில்தான் வரும், சீஸ் வைத்து மடித்த கேசடியாவும் அமெரிக்காவில் பெரும்பாலும் அப்படித்தான். மக்காச்சோள டார்ட்டியாவில் சோளம், சுண்ணாம்பு, தண்ணீர், இவ்வளவுதான். அதனால் அப்பாவுக்கு எதை வாங்கினாலும் "கார்ன் டார்ட்டியா" என்றே கேளுங்கள்.

சுண்ணாம்பா என்று வீட்டில் கேட்டால்: நாம் வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். முழுச் சோளத்தை, அதன் எடையில் சுமார் 1 சதவீதம் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைப்பார்கள். தோல் கழன்றுவிடும், மாவு விரியாமல் ஒட்டும், சோளத்தில் பிணைந்து கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும். கழுவின பிறகும் ஒரு மண்வாடை தங்கும். மாவு ஊசிப்போச்சு என்று அம்மா தட்டை ஒதுக்கிவிடாமல் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

அடுத்து பீன்ஸும் சாதமும். மசித்த பீன்ஸைப் பழைய முறையில் லார்டில்தான் வதக்குவார்கள். மசிக்காமல் முழுசாக வருகிற சார்ரோ பீன்ஸில் பன்றி பேக்கன் உண்டு. சிவப்புச் சாதத்தைத் தக்காளி, பூண்டோடு கோழிச்சாறிலோ கோழிப் பொடி கரைத்த தண்ணீரிலோ வேகவைப்பது சர்வசாதாரணம். இரண்டையும் காலையிலேயே அண்டாக்கணக்கில் செய்து வைத்துவிடுவார்கள். ராத்திரி எட்டு மணிக்கு "கொழுப்பு வேண்டாம்" என்றால் அதிலிருந்து எதை எடுக்க முடியும்? ஏற்கெனவே எதில் செய்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்றே வழி.

மோலே குழம்பில் காய்ந்த மிளகாய், எள், நிலக்கடலை அல்லது பாதாம், கொஞ்சம் சாக்லேட் எல்லாம் அரைத்திருக்கும். படிக்கச் சைவம் போலவே இருக்கும், ஆனால் அரைத்த விழுதைக் கரைப்பது அனேகமாகக் கோழிச்சாறில். டார்ட்டியாவைச் சுருட்டிச் செய்கிற என்சிலாடாவின் மேலே ஊற்றுகிற சிவப்புச் சாஸுக்கும் இதே சந்தேகம் உண்டு.

குடந்தை_வடக்குவீதி

சாதம், பீன்ஸ் ரெண்டும் போச்சுன்னா என்னதான் மிச்சம்? கொரியன் டாக்கோவுல டோஃபு போட்டுத் தருவாங்களாம், அது பரவாயில்லையா? அப்புறம், இவ்வளவையும் மேசையில உக்காந்து கேட்டா மாப்பிள்ளைக்குச் சங்கடமா இருக்குமே.

மாயவரம்_கூறைநாடு

டோஃபு டாக்கோல ரெண்டு பொறி இருக்கு. மேல வைக்கிற கிம்ச்சில, அதாவது கொரியாக்காரங்க புளிக்கவைக்கிற முட்டைக்கோஸ் ஊறுகாயில, மீன் சாஸும் உப்பு போட்ட இறால் விழுதும் சேர்ப்பாங்க. மேல கோடு கோடா ஊத்துற ஆரஞ்சு நிற சாஸ் மேயோ (மயோனைஸ்), அதாவது முட்டை சேர்த்தது. ரெண்டையும் எடுத்துடச் சொல்லி, பதிலுக்கு வெறும் முட்டைக்கோஸும் எலுமிச்சையும் கேளுங்க. டோஃபுவைப் புரட்டுற மசாலால மீன் சாஸ் இருக்கான்னும் கேக்கணும், ஏன்னா அது முன்கூட்டியே ஊறிட்டு இருக்கும்.

எலோட்டே சுட்ட சோளக்கதிர். அதுக்கும் மேயோ தடவுவாங்க. "மேயோ வேண்டாம், வெண்ணெய், மிளகாய்ப்பொடி, எலுமிச்சை போதும்"னா அப்பவே சுட்டுத் தர்ற ஐட்டம்ங்கறதால மறுக்க மாட்டாங்க. அப்பாவுக்கு இதுதான் நிச்சயமான பண்டம்.

சீஸ் விஷயத்துல அப்பா எவ்வளவு கறார்னு முதல்ல கேட்டுக்கங்க. கோடிஹா மாதிரி பழைய பாணி சீஸை உறைய வைக்கக் கன்னுக்குட்டி வயித்து ரென்னட் போடுற வழக்கம் உண்டு. நுண்ணுயிர் ரென்னட்ல செஞ்சதும் நிறையக் கிடைக்குது, ஆனா எதுன்னு பரிமாறுறவருக்குத் தெரியாது, பாக்கெட்டைப் பாத்தாத்தான் தெரியும். பன்னீர் எலுமிச்சையிலயோ வினிகர்லயோ திரிச்சது, அதுல இந்தக் கவலை இல்லை.

ஆக அப்பாவுக்கு: சோள டார்ட்டியால பன்னீர் டாக்கோ மூணு, குவாக்கமோலே (மசிச்ச வெண்ணெய்ப்பழம்), மேயோ இல்லாத எலோட்டே. வயிறு ரொம்பிடும். சிப்ஸ் மட்டும் எந்த எண்ணெய்ல பொரிச்சதுன்னு கேளுங்க. சின்ன சமையல்கட்டுல ஒரே எண்ணெய்ச் சட்டிதான் இருக்கும், மீனும் அதுலதான் பொரியும். சுரோஸ்ங்கற பொரிச்ச இனிப்பும் அதே சட்டிதான்.

மேசையில சங்கடம் வேண்டாம்னா மத்தியானம் 2 மணிக்கு மேல 4 மணிக்குள்ள போன் பண்ணிடுங்க. கூட்டம் இருக்காது, சமையல்காரரே பேசுவார். "நோ லார்ட், நோ சிக்கன் ப்ராத், நோ ஃபிஷ் சாஸ், நோ எக்"னு நாலே நாலு கேள்வி. அலர்ஜின்னு மட்டும் பொய் சொல்லாதீங்க. சட்டி, கரண்டி, பலகை எல்லாம் தனியா எடுத்தாகணும், முடியாதுன்னா "உங்களுக்குப் பரிமாறவே முடியாது"ன்னுடுவாங்க.

இன்னொண்ணு, அந்தத் தேதி அமாவாசையில விழுதான்னு பாத்துக்கங்க. வெங்காயம், பூண்டு இல்லாம அங்க ஒரு டாக்கோ தேத்துறது கஷ்டம்.

மன்னை_மதிலழகு

அடேங்கப்பா. பேசாம தூக்குல தயிர்சாதம் கட்டிக்கிட்டுப் போயிடலாம் போலிருக்கே.

மாயவரம்_கூறைநாடு

வெளிச்சாப்பாட்டை உள்ள எடுத்துட்டுப் போக விட மாட்டாங்க அண்ணே. வீட்டுலயே ஒரு கை சாப்பிட்டுட்டுப் போனா நல்லதுதான்.

ஆரூர்_கமலாலயம்

காரம் பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாபனேரோ என்ற மிளகாயைப் பற்றி மட்டும் தனியாக எச்சரித்து வையுங்கள். ஹாலபேன்யோ மிளகாயின் காரம் 2,500 முதல் 8,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு). ஹாபனேரோ 1,00,000 முதல் 3,50,000 வரை போகும். ஹாபனேரோ சல்சா மாம்பழக் கூழ் நிறத்தில், நல்ல பழவாசனையோடு சின்னக் கிண்ணத்தில் வரும். சட்னியைத் தொடுவது போல அள்ளித் தொட்டால் காது அடைத்துக்கொள்ளும். பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள். எரிந்தால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, காரம் தருகிற காப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலோ தயிரோ கேளுங்கள். சவர் கிரீம் கொண்டுவந்து வைப்பார்கள், அதில் சில பிராண்டுகளில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் உண்டு, அப்பா கவனிக்கட்டும்.

அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் சாப்பாட்டை விடக் குடிப்பதில்தான் கவனம் வேண்டும். ஓர்ச்சாட்டா என்பது ஊறவைத்த அரிசியை இலவங்கப்பட்டையோடு அரைத்து வடிகட்டிய பானம். அரிசிமாவும் சர்க்கரையும் சேர்ந்து வருவதால் தவிர்க்கலாம். ஹமைக்கா என்று சிவப்பாக ஒன்று இருக்கும், புளிச்சக்கீரை இனத்துச் செடியின் காய்ந்த புல்லிவட்டத்தை வேகவைத்த தண்ணீர், நல்ல புளிப்பு. அதையும் சர்க்கரை போட்டுத்தான் கலக்கி வைத்திருப்பார்கள். சோடா நீரும் எலுமிச்சைத் துண்டும் கேளுங்கள், போதும். காபி இல்லாமல் கும்பகோணத்துக்காரர்கள் எழுந்திருக்க மாட்டார்களே: காஃபே தே ஒய்யா என்று போட்டிருந்தால் அது பட்டையும் வெல்லமும் போட்டுக் கொதிக்கவைத்த கறுப்புக் காபி. பால் கிடையாது, வெல்லம் ஏற்கெனவே உள்ளே இருக்கும்.

இனிப்பில் ஃப்ளான் (கேரமல் கஸ்டர்டு), த்ரெஸ் லெச்சஸ் (பாலில் ஊறவைத்த கேக்) இரண்டிலும் முட்டை உண்டு.

சோள டார்ட்டியா ஆறினால் விறைத்து உடையும். டாக்கோ வந்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும், படம் எடுத்துக்கொண்டிருந்தால் அடியில் சாறு ஊறிக் கிழியும். அதற்காகத்தான் பல இடங்களில் இரண்டு டார்ட்டியாவை அடுக்கித் தருகிறார்கள். டாக்கோவை நிமிர்த்தித் தூக்காமல் கிடைமட்டமாகப் பிடித்து, தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டும். கையால் சாப்பிடுவதுதான் அங்கே முறை, அப்பா அம்மாவுக்கு அந்த மட்டில் நிம்மதி.

ஐயாற்றுப்படித்துறை

பில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெனு விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. டிப்ஸ் வரிக்கு முந்தின தொகையில் 18 முதல் 20 சதவீதம். 180 டாலருக்குச் சாப்பிட்டால் 20 சதவீதம் என்பது 36 டாலர். மாப்பிள்ளை கொடுக்கப்போகிறார் என்றாலும் ஒன்றைப் பாருங்கள். ஆறு பேர் அல்லது அதற்கு மேல் போனால் பல ஓட்டல்களில் சர்வீஸ் தொகையைத் தாங்களே பில்லில் ஏற்றிவிடுவார்கள். "கிராஜுவிட்டி" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு கார்டு சீட்டில் டிப்ஸ் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை போய்விடும்.

முடிந்தால் 5.30 மணி வாக்கில் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். ஏழரைக்குச் சமையல்கட்டு நெரியும்போது "மேயோ வேண்டாம்" என்று எழுதின சீட்டை யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். தட்டு வந்ததும் அப்பா கைவைப்பதற்கு முன், டாக்கோவைச் சற்றுப் பிரித்து உள்ளே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.