1964, 1978 புயல்களின் அசல் படக்காட்சிகளைத் தேடியவர்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஹட்டன் வாசகன்

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் தாக்கிய புயலைப் பற்றி இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த இரு கரைகளுக்கும் இடையே ஓடிய கப்பலில் வந்து போன ஒருவராவது நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்திருப்பார். எங்கள் வீட்டில் அப்பாயி இருந்தார். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

முன்னொரு காலத்தில் தோட்டம் தோட்டமாகச் சென்று படம் காட்டிய குடும்பம் ஒன்று கண்டியில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் பெயர் எழுதப்படாத 16 மில்லிமீற்றர் படச்சுருள் ஒன்றை எனக்காகச் சுவரில் ஓட்டிக் காட்டினார்கள். கறுப்பு வெள்ளைப் படம், ஒலி இல்லை. தண்டவாளம் ஒன்று வளைந்து கடலுக்குள் இறங்குகிறது. அதன்மேல் கூரைத் தகரங்கள் சிக்கிக் கிடக்கின்றன. அடுத்ததாக மூட்டை முடிச்சுகளுடன் ஒரு கூட்டம். கூட்டத்தின் ஓரத்தில், தகரப் பெட்டி ஒன்றின்மேல் வயதான பெண்மணி ஒருவர் அமர்ந்திருக்கிறார். பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளை வர்ணத்தால் தமிழில் ஏதோ எழுதியிருக்கிறது. தோட்டத்தின் பெயராகவும் இருக்கலாம், ஆளின் பெயராகவும் இருக்கலாம். அவர் முந்தானையை இழுத்து விட்டபோது அந்த எழுத்துகள் மறைந்துவிட்டன. அவர் நிமிர்ந்து கமெராவை ஒரு தடவை பார்த்தார். அத்துடன் சுருள் பல்சக்கரத்தில் சிக்கி அறுந்தது.

அது தலைமன்னார்க் கரையா, தனுஷ்கோடிக் கரையா, அல்லது வேறொரு புயலா? இப்படி ஏதேனும் ஒரு சுருளைக் கண்டவர்கள் எழுதுங்கள்.

பதுளை ரயிலடி

நான் தேடுவது 1978 நவம்பர் 23 மட்டக்களப்புச் சூறாவளியை. எனது சித்தப்பா 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு வெளியேறி, மட்டக்களப்புக்கு மேற்கே காடு வெட்டிக் குடியேறியவர். மறு வருடமே புயல் வந்தது. குடும்பத்தில் அவரையும் மூத்த பிள்ளையையும் இழந்தோம்.

சிறுவனாக இருந்தபோது தொலைக்காட்சியில் அந்தச் சூறாவளியின் காட்சியைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தலையில்லாத தென்னைகள். அவற்றின் நடுவே ஒருவர், நெளிந்த தகரம் ஒன்றைத் தலையில் சுமந்தபடி, கமெராவுக்கு முதுகைக் காட்டி நடந்துபோகிறார். சித்தப்பாவின் நடை அப்படித்தான் இருக்கும், இடது காலைச் சற்று அகற்றி வைப்பார். அது அவர் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நடையை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன். அந்தக் காலத்துப் பதிவு எதுவும் கைவசம் இல்லை என ஒரே வரியில் பதில் வந்தது.

கொட்டகலை ஆசிரியை

பதுளை நண்பருக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1978 இல் இலங்கையில் தொலைக்காட்சியே கிடையாது. சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கியது 1979 ஏப்ரல் 13 அன்று; ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று. எனவே அன்றைய சூறாவளியை எந்த உள்ளூர்த் தொலைக்காட்சியும் படம்பிடித்திருக்க முடியாது, அவர்களிடம் போய்க் கேட்பதிலும் பயனில்லை. அன்று நாட்டுக்குள் கமெராவை அனுப்பக்கூடியதாக இருந்தது 1948 இல் ஆரம்பிக்கப்பட்ட அரசாங்கத் திரைப்படப் பிரிவு. அவர்களுடைய செய்திப்படங்களைப் படமாளிகைகளில் பிரதான படத்துக்கு முன்பாகக் காட்டுவார்கள்.

எனது அனுபவம் வேறு வகையானது. 'தனுஷ்கோடி 1964 நேரடிக் காட்சி' என்று பலரும் பகிர்ந்த ஒரு காணொளியை, இது உண்மையா எனக் கண்டறியுமாறு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். மங்கலான கறுப்பு வெள்ளை, பின்னணியில் சோக இசை. தெரு முழுவதும் தண்ணீர் புரண்டு வருகிறது. பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், அந்தக் கதிரை" என்றாள். நிறுத்திப் பார்த்தோம். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு எடுக்கிறோமே, முதுகில் நீளத் துவாரங்கள் வைத்து ஒரே வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் கதிரை, அது கவிழ்ந்து மிதந்து வருகிறது. 2004 சுனாமியின் காட்சியில் நிறத்தை எடுத்துவிட்டுப் பழைய படமாக்கியிருக்கிறார்கள் என்பதே என் எண்ணம். எங்கோ ஒரு குடும்பம் தன் வீட்டு வாசலை அந்தக் காட்சியில் அடையாளம் காணுமே என்ற நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை.

1964 புயல் கரையைத் தாக்கியது நள்ளிரவை ஒட்டிய நேரத்தில். 653 ஆம் இலக்கப் பயணிகள் ரயில் பாம்பனிலிருந்து புறப்பட்டு தனுஷ்கோடியை நெருங்கியபோது அலையில் அள்ளுண்டு போனதும் அந்த இருட்டில்தான். அன்றைய படச்சுருளால் அந்த இருட்டில் எதையும் பதிவுசெய்திருக்க முடியாது. ஆகவே பட்டப்பகலில் அலை ஊரை விழுங்குவதாகக் காட்டும் எதையும் பார்த்த மாத்திரத்திலேயே ஒதுக்கிவிடலாம். அசல் காட்சி எதுவாக இருந்தாலும் அது புயலுக்குப் பிந்திய நாட்களின் காட்சியாகவே இருக்கும்.

பதுளை ரயிலடி

டீச்சர், 1978 இலேயே தொலைக்காட்சியில் பார்த்தேன் என்று நான் எழுதவில்லை. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தொலைக்காட்சிப் பெட்டி வந்ததே எண்பதுகளின் நடுப்பகுதியில். ஏதோ ஓர் ஆண்டு நிறைவையொட்டி அந்தப் பழைய காட்சியை ஒளிபரப்பினார்கள். அப்படியென்றால் படச்சுருள் எங்கிருந்தோ அந்த நிலையத்துக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? அது எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

கோத்தகிரி, பிறந்தது தலவாக்கலை

ஹட்டன் தம்பிக்கு: தண்டவாளத்தின் அகலத்தைப் பாருங்கள். இலங்கையின் பாதை 1676 மில்லிமீற்றர் அகலப்பாதை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாதையோ 1000 மில்லிமீற்றர், அதாவது மீற்றர் பாதை. பாம்பன் பாலம் 2007 இல்தான் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. தண்டவாளத்துக்கு அருகில் ஓர் ஆள் நிற்கும் படச்சட்டம் ஒன்று கிடைத்தால் போதும், எந்தக் கரை என்று அடித்துச் சொல்லிவிடலாம். நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஒரு மூலை தெரிந்தாலும் உதவும். நம் பக்கத்துப் பலகையில் சிங்களம் இருக்கும், அந்தப் பக்கத்துப் பலகையில் ஹிந்தி இருக்கும்.

நான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவன். ஒப்பந்தம் கைச்சாத்தானது 1964 ஒக்டோபர் 30 அன்று. இரண்டு மாதம் நிறைவதற்குள் தனுஷ்கோடித் துறை இல்லாமல் போனது. அதனால் எங்கள் கப்பல் இராமேஸ்வரத்தில்தான் கரை சேர்ந்தது. இறங்கும்போது மூட்டை தூக்க வந்த முதியவர் கிழக்கே கையைக் காட்டி, "இந்தப் பெட்டியையெல்லாம் நான் அங்கேதான் இறக்கிக்கொண்டிருந்தேன்" என்றார். அவர் காட்டிய திசையில் வெறும் மணல்தான் தெரிந்தது. ரயில் கப்பலின் பக்கத்திலேயே வந்து நின்ற அந்தத் துறையை ஓடும் படத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அன்று தோன்றியது. புகைப்படங்கள் கிடைத்தன, ஓடும் படம் இதுவரை கிடைக்கவில்லை. எனவே தம்பி, அந்தச் சுருளை விட்டுவிடாதீர்கள்.

ஹட்டன் வாசகன்

ஐயா, மிக்க நன்றி. பாதையின் அகலத்தை வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுவரில் ஓடியதைத் தொலைபேசியில் பதிவு செய்திருந்தேன். தண்டவாளத்தின் அருகே ஒருவர் குனிந்து நிற்கும் இடம் இருக்கிறது, ஆனால் மிகவும் மங்கல். சுருளைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். பெட்டியைத் திறந்தபோது புளித்த காடியின் வாடை மூக்கைத் துளைத்தது. அது கெட்டுப்போனதன் அடையாளமா?

லிந்துலை பழைய ஏடுகள்

ஆம், அது கெடத் தொடங்கிவிட்டதன் அடையாளம். அசிட்டேட் படச்சுருள் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், நீங்கள் முகர்ந்தது அதைத்தான். தயவுசெய்து அதை இனிமேல் புரொஜெக்டரில் ஓட்டாதீர்கள். சுருங்கிய சுருளின் ஓரத் துளைகள் பற்களுக்குப் பொருந்தாமல் கிழியும், உங்கள் கண்முன் நடந்ததும் அதுவே. இறுக மூடிய தகரப் பெட்டியில் வைப்பதும் கூடாது, வெளியேறும் அமிலம் உள்ளேயே தங்கிச் சிதைவை வேகப்படுத்தும். குளிர்ந்த, ஈரப்பதம் குறைந்த இடமே தேவை. நம் ஊரில் குளிருக்குப் பஞ்சமில்லை, பிரச்சினை மழைக்கால ஈரம்தான். சமையலறை அடுப்புக்கு அருகிலோ, கூரைத் தகரத்தின் கீழோ வைக்கவே வேண்டாம்.

எனது அனுபவம் சிறியது. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 1978 டிசம்பர் மாதப் பத்திரிகைக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நிவாரணப் பொதிகளுக்காகக் காத்திருக்கும் மக்களின் புகைப்படம் ஒன்று. அதன் வலது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்ட நிலையில், தோளில் படக்கமெரா வைத்த ஒருவர். முகம் பக்கத்தின் விளிம்போடு போய்விட்டது, கமெராவின் சுருள்பெட்டி மட்டும் முழுதாகத் தெரிகிறது. ஆக, அன்று அங்கே ஒருவர் ஓடும் படம் எடுத்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை. அந்தப் படம் எங்கே போனது?

இதைத் தேடும்போது நான் கற்றுக்கொண்டவற்றை எழுதுகிறேன். முதலாவதாக, புயலின் பெயரைத் தட்டித் தேடாதீர்கள். வட இந்து சமுத்திரப் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே 2004 இல்தான் வந்தது. அதற்கு முந்தியவற்றைத் திகதியையும் ஊரையும் வைத்துத்தான் தேட முடியும். 1972 மே மாதத்துக்கு முந்திய வெளிநாட்டுப் பட்டியல்களில் நம் நாடு சிலோன் என்றே பதிவாகியிருக்கும். திகதியிலும் கவனம் வேண்டும். படச்சுருள் விமானத்தில் இலண்டன் போய்க் கழுவப்பட்ட பிறகே பட்டியலில் ஏறியது. அதனால் சம்பவத்துக்குச் சில நாட்கள் பிந்திய திகதியையும் பாருங்கள்.

அடுத்து, யார் படம் எடுத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். 1964 என்றால் செய்திப்படக் கம்பனிகள். பிரித்தானிய பாதே நிறுவனம் 2014 இல் தன் 85,000 படங்களை யூடியூபில் ஏற்றியது. மூவிடோன் என்ற இன்னொரு செய்திப்படக் கம்பனியின் படங்கள் அடுத்த வருடம் வந்தன. 1978 என்றால் அந்தக் கம்பனிகளின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அப்போது தொலைக்காட்சிகளுக்குச் செய்திப்படம் விற்ற இலண்டன் விஸ்நியூஸ் நிறுவனம் இருந்தது. 1992 இல் அது ரொயிட்டர்ஸின் கைக்கு முழுமையாகப் போனது. பதுளை நண்பர் எண்பதுகளில் பார்த்தது ஒன்றில் அப்படி வந்த பிரதியாக இருக்கும், அல்லது அரசாங்கத் திரைப்படப் பிரிவின் பிரதியாக இருக்கும். நிலையத்திடம் 'உங்களிடம் இருக்கிறதா' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதிலே வரும். 'உங்கள் ஒளிபரப்புப் பதிவேட்டில் அந்த நிகழ்ச்சிக்கான படம் எங்கிருந்து பெறப்பட்டதாக எழுதியிருக்கிறது' என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தியப் பக்கத்தையும் விடக் கூடாது. 1978 சூறாவளி மட்டக்களப்பில் கரையேறி, பொலன்னறுவை வழியாகத் தீவைக் குறுக்கறுத்து, மன்னார் வளைகுடாவைக் கடந்து தமிழ்நாட்டுக் கரைக்கும் போனது. இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் வாராவாரம் செய்திப்படம் வெளியிட்ட காலம் அது. பாம்பன் பாலத்தை 1965 இல் ஸ்ரீதரன் என்ற பொறியியலாளரின் பொறுப்பில் 46 நாட்களில் திருத்தி முடித்தார்களே, அத்தகைய பணிகளை அரசாங்கப் படப்பிடிப்பாளர்கள் விட்டுவைக்க மாட்டார்கள். தனுஷ்கோடிக்கான தேடலை நான் புயலிலிருந்து தொடங்காமல் பாலத்திலிருந்து தொடங்கச் சொல்வது அதனால்தான்.

கடைசியாக, ஒவ்வொரு செய்திச் சுருளுடனும் படப்பிடிப்பாளர் எழுதிய குறிப்புத்தாள் ஒன்று போகும். எந்தக் காட்சி, எந்த இடம், எத்தனை அடி நீளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். படத்தைக் கேட்கும் முன் அந்தத் தாளைக் கேளுங்கள். தாளுக்குப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை.

பண்டாரவளை மகள்

லிந்துலை ஐயாவின் அறிவுரைகள் பெறுமதியானவை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெளிநாட்டுக் களஞ்சியங்களில் நிமிடக் கணக்கில் உரிமைக் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதை அவர் எழுதாமல் விட்டுவிட்டார். ஒரு தோட்டப் பாடசாலையின் கண்காட்சிக்காக நான் விலை கேட்டபோது, அவர்கள் சொன்ன தொகை எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வருட வரவைவிட அதிகமாக இருந்தது. நம் அப்பாயிமாரின் முகத்தை நாமே பார்க்க இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்ற ஆதங்கம் எனக்கு இன்னமும் உண்டு.

என்னை உறங்கவிடாத காட்சி பழைய காலத்ததல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண் சரிந்து விழுவதை எத்தனையோ பேர் கைத்தொலைபேசியில் பதிவு செய்தார்கள். அவற்றில் ஒன்று: எதிர்மலையில் தேயிலை மலை அப்படியே வழுக்கி இறங்குகிறது, காட்சியில் எவரும் இல்லை, கமெராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், வரிசையாகப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுகிறது. நான்காவது பெயரில் காணொளி முடிகிறது. பகிர்ந்தவர் கணக்கை மூடிவிட்டார். எனக்கு வந்து சேர்ந்தது கைமாறிக் கைமாறித் தேய்ந்த பிரதி. மலையின் விளிம்பு கட்டம் கட்டமாக உடைந்திருக்கிறது, எந்தத் தோட்டம் என்றே சொல்ல முடியவில்லை. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் தப்பினார்களா என்று விசாரிக்க எனக்கு வழியில்லை.

இங்கு இருப்பவர்களில் எவரேனும் டித்வா நாட்களில் படம் எடுத்திருந்தால், தொலைபேசியை மாற்றும் முன் மூலக் கோப்பைக் கணினியிலோ வெளி வட்டிலோ அப்படியே பிரதி எடுத்து வையுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கப்படும், எடுத்த திகதி முதலான விபரங்களும் கழன்றுவிடும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். எடுத்த தோட்டம், டிவிசன், நேரம் ஆகியவற்றை அதே கோப்புறையில் தமிழில் எழுதி வையுங்கள். எதிர்மலைக் காணொளியின் மூலப் பிரதி எவரிடமாவது இருந்தால் எனக்குத் தனிமடலில் எழுதுங்கள். வெளியில் பகிர மாட்டேன்; அந்தக் குரலுக்கு உரியவரின் சம்மதம் இல்லாமல் அதை எங்கும் காட்டவும் மாட்டேன்.