மடக்கு சைக்கிளுக்கு மோட்டார் போடலாமா?

வேளச்சேரி ரமணி:
என்னுடையது 20 இஞ்ச் மடக்கு சைக்கிள். வேளச்சேரி ஸ்டேஷன் வரை மிதித்து, மடக்கி, பறக்கும் ரயிலில் திருமயிலை போகிறேன். மே மாதத்தில் ஆபீஸ் சேரும்போது சட்டையைப் பிழியலாம். முன்சக்கரத்தின் நடுவிலேயே பொருந்தும் ஹப் மோட்டார் போடலாமா? படியேறித் தூக்கவும் வேண்டும்.

சைக்கிள் பாஸ்கர்:
முதலில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்துப் பாருங்கள் சார். சாதாரண சைக்கிளில் 100 மி.மீ., மடக்கு சைக்கிள் பலவற்றில் 74தான். பெரிய மோட்டாரை நெம்பி நுழைக்கவே கூடாது! அலுமினிய ஃபோர்க் என்றால், மோட்டார் அச்சைச் சுழலவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் பட்டை கட்டாயம். இல்லாவிட்டால் அச்சு சுழன்று, அது உட்காரும் காடியைப் பிளந்துவிடும், ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடும்.

தரமணி செல்வி:
சின்னச் சக்கரத்தில் இழுவை கூடும், வேகம் குறையும். அதனால் 20 இஞ்சுக்கென்றே செய்த மோட்டாராகக் கேளுங்கள். 250 வாட்டைத் தாண்டாதீர்கள், அப்புறம் பதிவு, லைசென்ஸ் என்று இழுக்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி போதும். கூடவே மிதித்தால் 25 கி.மீ. தாராளம். பேட்டரியைக் கழற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டால் தூக்குவதும் சுலபம். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மட்டும் உயரத்தில் வையுங்கள், நம் ஊர் மழைத் தண்ணீர் தெரியுமே.

வேளச்சேரி ரமணி:
அளந்தேன், 74தான். ஸ்டீல் ஃபோர்க். அந்த அளவு மோட்டாரே தேடுகிறேன். நன்றி இருவருக்கும்.