டெக்சாஸ் ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) லைசென்ஸை கலிஃபோர்னியாவுக்கு மாற்ற வேண்டும், படித்த கல்லூரியே இப்போது இல்லை

வணக்கம். டெக்சாஸில் ஆர்.என். ஆக இருந்தேன், கணவருக்கு வேலை மாறியதால் கலிஃபோர்னியா வந்துவிட்டோம். என்னுடையது பல மாநிலங்களில் செல்லும் மல்டிஸ்டேட் லைசென்ஸ்தான், ஆனால் கலிஃபோர்னியா அதற்கான மாநிலங்களின் ஒப்பந்தத்தில் (காம்பாக்ட்) சேரவில்லை என்பதால் எண்டார்ஸ்மென்ட், அதாவது வேறு மாநில லைசென்ஸை வைத்து இங்கே புது லைசென்ஸ் வாங்கும் வழியாகத்தான் போயாக வேண்டும்.

கலிஃபோர்னியாவின் பிரீஸ் என்ற லைசென்ஸ் தளத்தில் விண்ணப்பம், நர்சிஸ் தளம் வழியாக டெக்சாஸ் லைசென்ஸ் வெரிஃபிகேஷன், லைவ் ஸ்கேன் என்ற டிஜிட்டல் கைரேகை எல்லாம் முடிந்தது. மாட்டிக்கொண்டிருப்பது ஒரே இடத்தில். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு டிரான்ஸ்கிரிப்டும் பாடவாரி விவரப் படிவமும் கல்லூரியிலிருந்தே நேரடியாக கலிஃபோர்னியா நர்சிங் போர்டுக்குப் போக வேண்டும். நான் இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தது 2009இல், அப்புறம் சில வருடங்களில் கல்லூரியை மூடிவிட்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் கேட்டேன். மதிப்பெண் சான்று தருவார்களாம், ஆனால் படிவத்தில் மெடிக்கல் சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம் என்று ஒவ்வொன்றுக்கும் தியரி எத்தனை மணி, கிளினிக்கல் எத்தனை மணி என்று கட்டம் இருக்கிறதே, அதை நிரப்பித் தர முடியாது என்கிறார்கள். மாநில நர்சிங் கவுன்சிலிலோ, எனக்குப் பதிவு உண்டு என்பதை மட்டும் உறுதிசெய்வார்களாம். பழைய பிரின்சிபால் மேடத்தைத் தேடிப்பிடித்துப் பேசினேன், பாவம், கையெழுத்துப் போடத் தயார், கல்லூரி சீல் அவரிடம் இல்லை. என்னிடம் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் சிலபஸும் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் நானே அனுப்பினால் செல்லாது. வேலை தருவதாகச் சொன்ன மருத்துவமனை லைசென்ஸுக்காகக் காத்திருக்கிறது.

மூடப்பட்ட கல்லூரியில் படித்துவிட்டு கலிஃபோர்னியா எண்டார்ஸ்மென்ட் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அந்த மணிநேர விவரப் படிவத்தை உங்களுக்கு யார் நிரப்பி அனுப்பினார்கள்?