நியூசிலாந்தின் ரோட்டோருவா: வெந்நீர் ஊற்று, ஏரி, மாஓரி (பூர்வகுடி) விருந்து – போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

ஊர்சுற்றி:
ஆக்லாந்திலிருந்து 230 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம். ஊர் எல்லையிலேயே அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு, கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். எல்லா வெந்நீர்ப் பூங்காவுக்கும் டிக்கெட் எடுப்பது காசுக்குக் கேடு. நிறம் பார்க்க வை‑ஓ‑தாப்பு, பீறிடும் ஊற்றுக்குத் தே புயா (அங்கே போஹுட்டு 30 மீட்டர் வரை எழும்பும்), நடக்கப் பிடித்தால் வைமாங்கு. ஏதாவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

வை‑ஓ‑தாப்பு தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். லேடி நாக்ஸ் ஊற்று காலை 10.15க்குப் பீறிடும். தானாக இல்லை, ஊழியர் ஒருவர் ஊற்றின் வாய்க்குள் சோப்பு போடுவார். அடியில் கொதிநீர், மேலே ஆறிய நீர். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைத்ததும் இரண்டும் கலந்து பொங்கி எழும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ஊற்று பூங்கா நுழைவாயில் பக்கம் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு மறுபடி வண்டியை எடுக்க வேண்டும். 9.30க்கே கவுண்டரில் இருங்கள்.

அதே பூங்காவின் ஷாம்பெய்ன் குளத்தை அதற்குப் பிறகு பாருங்கள். குளிர் காலையில் ஆவி மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாது. வெயில் ஏறினால்தான் அந்த ஆரஞ்சு விளிம்பு பளிச்சென்று இருக்கும். அது ஆர்சனிக், ஆன்டிமனி சல்ஃபைடு படிவு. தண்ணீர் 74 டிகிரி. பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை:
பெண்களுக்கு ஒரு வார்த்தை. கொலுசு, மெட்டியை வெந்நீர்க் குளியல் குளத்தில் இறங்கும் முன்பே கழற்றி ஜிப் கவரில் போட்டுவிடுங்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கரிக்கட்டைதான். கறுத்துவிட்டால்: பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா கலந்து, நகையைப் போட்டுச் சில நிமிடம் வையுங்கள். நகை தாளைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கறை போகாது. கல் பதித்ததற்கு இந்த வைத்தியம் வேண்டாம்.

காசில்லாமல் கால் நனைக்க ஊருக்குள்ளேயே குயிராவ் பூங்கா. கெரசின் கிரீக் என்ற வெந்நீர் ஓடையும் இலவசம், ஆனால் நமக்குத் தண்ணீரைக் கண்டதும் முங்குகிற பழக்கம். கூடவே கூடாது. வெந்நீரில் இருக்கும் அமீபா மூக்கு வழியே ஏறினால் மூளைக்காய்ச்சல், உயிருக்கே ஆபத்து. கழுத்தோடு சரி.

ஏரிக்கரை:
நீல ஏரி டிக்கிடாப்புவில் நீந்தலாம். பக்கத்துப் பச்சை ஏரி ரோட்டோகாகாஹி தாபு, அதாவது விலக்கப்பட்ட இடம். நீச்சலும் படகும் கிடையாது, மேலேயிருந்து பார்ப்பதோடு சரி. வைமாங்கு பள்ளத்தாக்கு 1886 ஜூன் 10 தாராவேரா எரிமலை வெடிப்பில் உருவானது. பாதை இறக்கமாகவே போகும், திரும்ப பஸ் உண்டு. கடைசி பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். அங்குள்ள இன்ஃபெர்னோ குளத்தின் நீர்மட்டம் சுமார் 38 நாள் சுழற்சியில் ஏறி இறங்கும். போட்டோவில் உள்ளதுபோல் ததும்பவில்லையே என்று ஏமாற வேண்டாம்.

கூமாரா:
மாஓரி விருந்துக்கு முன் வரவேற்புச் சடங்கு நடக்கும். ஈட்டியோடு வீரர் கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி வருவார். சிரிக்காதீர்கள்; அது வேடிக்கை இல்லை, வந்தவர் நண்பரா என்று பார்க்கும் சோதனை. கீழே வைக்கும் இலையை நம் குழுத் தலைவர் எடுக்க வேண்டும். ஹொங்கி என்றால் மூக்கோடு மூக்கை மெல்ல அழுத்துவது, உரசுவது அல்ல. சபை வீட்டுக்குள் செருப்பு கூடாது. சாப்பாட்டு மேசைமேல் உட்காருவது பெரிய அவமரியாதை.

வெள்ளிக்கிழமை:
சைவக்காரர்கள் ஹாங்கி (மண்குழியில் வேகவைக்கும் மாஓரி விருந்துச் சாப்பாடு) சாப்பிடலாமா?

கூமாரா:
அப்படியே வேண்டாம். ஆடு, கோழி, சர்க்கரைவள்ளி, பூசணி எல்லாம் ஒரே குழியில் மூன்று நான்கு மணி நேரம் வேகும். காயில் கறித்துண்டு இல்லாவிட்டாலும் ஆவி ஒன்றுதான். முன்பதிவிலேயே சைவம் என்று எழுதி, குழியில் வைக்காமல் தனியாகச் சமைப்பார்களா என்று கேளுங்கள். அங்கே போய்க் கேட்டால் சாலட்தான். காரமும் இருக்காது, ஊறுகாய் கொண்டுபோனால் நாட்டுக்குள் நுழையும் படிவத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள், மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.