உதவி: யாளி பறக்கும்னாலும் ‘உண்மை’, பறக்காதுன்னாலும் ‘உண்மை’

தூண்ரசிகை:
நாளைக்குக் காலையில வகுப்புல காட்டணும், அவசரம். கோயில் தூண்கள்ல இருக்குற கற்பனை விலங்கு யாளிக்கு, நிரல்ல எழுதின தர்க்க வரையறை:
யாளி(அ) → சிங்க உடல்(அ) ∧ தும்பிக்கை(அ)
(அதாவது, ‘அ’ யாளின்னா அதுக்குச் சிங்க உடலும் தும்பிக்கையும் இருக்கும்.)
“எல்லா யாளியும் பறக்கும்”னு கேட்டா உண்மைங்குது. “எந்த யாளியும் பறக்காது”ன்னாலும் உண்மைங்குது. எங்க தப்பு?

வேலூர்த்தம்பி:
எந்த நிரல்மொழியில ஓட்டுறீங்க? ப்ரோலாக்கா, பைத்தானா? அந்த ‘அ’ எந்தப் பட்டியல்ல இருந்து வருது?

கூட்டல்கழித்தல்:
அம்பு ஒரு பக்கம்தான் இருக்கு. ↔ போடுங்க (ரெண்டு பக்கமும் பொருந்தணும்னு அர்த்தம்), சரியாயிடும்.

சூத்திரதாரி:
ஆகாது. முதல் வாரப் பாடம் இது, இதுகூடத் தெரியாம வகுப்பெடுக்கலாமா? பட்டியல்ல யாளியே இல்லேன்னா ‘எல்லா யாளியும்’னு தொடங்குற எந்த வாக்கியமும் உண்மைதான். பொய்யாக்க, பறக்காத ஒரு யாளியாவது வேணும். அரிஸ்டாட்டில் முறையில ‘எல்லா’ன்னாலே ஒண்ணாவது உண்டுன்னு அர்த்தம், அங்க இந்த ரெண்டும் சேர்ந்து உண்மையாகாது.

தூண்ரசிகை:
பைத்தான். பட்டியல்ல விலங்குகள்தான்: யானை, சிங்கம், குதிரை, மயில்.

வேலூர்த்தம்பி:
அதான் அக்கா! சிற்பங்களைப் போடுங்க. எங்க ஊர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்கள்லயே ஆரம்பிக்கலாம். ↔-ம் வேணும். தும்பிக்கையைக் கட்டாயமாக்காதீங்க, அது கஜ யாளிக்குத்தான். சிம்ம யாளிக்குச் சிங்க முகம், மகர யாளிக்கு மகர முகம் (முதலை மாதிரி கற்பனை விலங்கு). மூணுக்கும் நடுவுல ∨ (‘அல்லது’) போடுங்க.

கூட்டல்கழித்தல்:
சிங்க உடல், சிங்க முகம்னா மாமல்லபுரத்துச் சிங்கத்தூணும் யாளி ஆயிடுமே? வாய்க்குள்ள உருளுற கல் உருண்டையைச் சேருங்க. சின்ன வயசுல விரலை விட்டு உருட்டியிருக்கேன், பல்லுக்கு வெளிய வரவே வராது.

வேலூர்த்தம்பி:
எல்லா யாளி வாயிலயும் உருண்டை இருக்காதுங்க.

ஆற்றுப்படை:
தூணை மட்டும் பார்த்தா எப்படி? சங்க நூல் பொருநராற்றுப்படையில கரிகாலனுக்கு உவமையே ஆளிக்குட்டிதான். பால்குடி மறக்கறதுக்குள்ள முதல் வேட்டையிலயே களிற்றைக் கொல்லும். அங்க தும்பிக்கைப் பேச்சே கிடையாது.

சூத்திரதாரி:
அந்த ஆளி வெறும் சிங்கம்.

ஆற்றுப்படை:
சிங்கம்னு எப்படி முடிவு பண்ணீங்க? மாமல்லபுரம் பக்கத்துச் சாளுவன்குப்பத்துல குகையைச் சுத்தி யாளித்தலையா செதுக்கியிருக்கு, ஊரே புலிக்குகைன்னுதான் சொல்லுது. பேரை வச்சு விலங்கைத் தீர்மானிக்க முடியாது.

சூத்திரதாரி:
அப்ப ஆளின்ற பேரை வச்சு யாளின்னும் தீர்மானிக்க முடியாதே.

வேலூர்த்தம்பி:
இதுக்குத் தனி இழை போடுங்க ஐயா. அக்கா, என்ன ஆச்சு?

தூண்ரசிகை:
6 சிற்பம் போட்டேன், ↔-ம் மாத்தினேன். “எல்லா யாளியும் பறக்கும்” இப்ப பொய்னு வருது! சிங்கத்தூண் மட்டும் இன்னும் யாளின்னுதான் வருது. அதைப் பிள்ளைங்ககிட்டயே கேக்கப்போறேன். நன்றி தம்பி.