கவுண்டஸுக்கு வேண்மாள் சரியா வருமா?

வணக்கம் நண்பர்களே,

கவுண்டஸ்ங்கறது பிரிட்டிஷ் பிரபுக்கள்ல ஏர்ல்ங்கற நிலைல இருக்குறவரோட மனைவிக்கு வர்ற பட்டம். அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லு போடலாம்னு பேசுற இந்த இழைல, சீமாட்டின்னே போட்டுடலாம்னு பலரும் சொல்றீங்க, எனக்கு அது ஒப்பல. சீமாட்டி லேடிக்கு ஏற்கனவே பழகிப்போன சொல்லு, அதையே மேலேர்ந்து கீழா டச்சஸ், மார்சியனெஸ், கவுண்டஸ், வைகவுண்டஸ், பாரனெஸ்னு அஞ்சு நிலைக்கும் போட்டுட்டா யாரு எந்தப் படில இருக்காங்கன்னே தெரியாமப் போயிடும். கணினி நிரலுக்கு முன்னோடின்னு சொல்லப்படுற அடா லவ்லேஸையே எடுத்துக்குங்க. 1835ல வில்லியம் கிங்கைக் கட்டிக்கிட்டாங்க, அவரு அப்ப பாரன், அதாவது பிரபுக்கள்ல கடைசிப் படி, அதனால இவங்க லேடி கிங். 1838ல அவரை லவ்லேஸ் ஏர்ல் ஆக்கினப்புறம்தான் இவங்க லவ்லேஸ் கவுண்டஸ். லவ்லேஸ்ங்கறது பொறந்த வீட்டுப் பேரு இல்ல, அது பைரன், புகுந்த வீட்டுக் குடும்பப் பேரும் இல்ல, பட்டத்தோட பேரு. 1843ல சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரம் பத்தி எழுதின குறிப்புகள்ல ஏ.ஏ.எல்.னு கையெழுத்து வச்சாங்களே, அந்த எல் இந்தப் பட்டந்தான். ரெண்டு இடத்துலயும் சீமாட்டின்னு எழுதினா 1838ல என்ன மாறுச்சுன்னு படிக்கிறவங்களுக்கு எப்டிப் புரியும்?

மூலத்தையும் பாத்துடுவோம். லத்தீன்ல கோமெஸ்னா கூட வர்றவன், துணை. ரோமப் பேரரசர் கூடவே இருந்தவங்களுக்கு அந்தப் பேரு, அப்புறம் அதுவே ஒரு பதவியா ஆச்சு, பிரெஞ்சு வழியா கவுண்ட், கவுண்டஸ்னு வந்துச்சு, கவுண்டிங்கற நிலப்பிரிவும் அதே வேர்தான். இங்கிலாந்துல ஏர்ல்ங்கற பழைய சொல்லு 1066க்கு அப்புறமும் நெலச்சு நின்னுது, ஆனா அதுக்குப் பெண்பால் இல்லாததால பொண்டாட்டிக்கு மட்டும் பிரெஞ்சுலேர்ந்து கவுண்டஸை எடுத்துக்கிட்டாங்க. ஆக அவங்க ஜோடியே ரெண்டு மொழிலேர்ந்து சேந்தது, நாம நேர்நேரா மொழிபெயர்க்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, அந்த நிலைக்குப் பொருந்துற ஜோடிச் சொல்லு இருந்தாப் போதும்.

போன மடல்ல ஒருத்தர் கவுண்டஸுக்குச் சொன்ன கோமாட்டி எனக்கும் பிடிச்சுது, கோமானுக்கு அழகான பெண்பால். ஆனா ஒரு துணைக்கால் விட்டுப்போனா கோமட்டின்னு சாதிப்பேரா மாறிடும், தட்டச்சுல இது நிச்சயம் நடக்கும். வேளாட்டி வேணவே வேணாம், வெள்ளாட்டின்னா பணிப்பெண், காதுல ரெண்டும் ஒண்ணா விழும்.

என் பரிந்துரை ஏர்லுக்கு வேள், கவுண்டஸுக்கு வேண்மாள். இது புதுசா உண்டாக்கினது இல்ல. சிலப்பதிகாரத்துல செங்குட்டுவனோட தேவி இளங்கோ வேண்மாள், பதிற்றுப்பத்துப் பதிகத்துல வெளியன் வேண்மாள் நல்லினி. பாரி, ஆய் மாதிரி வேளிர் எல்லாம் மூவேந்தருக்குக் கீழ்ப்படில, ஆளுக்கொரு மலையும் நாடும் வச்சிருந்தவங்க. அரசனுக்கு அடுத்து, ஒரு நிலத்தோட சேத்தே பேர் சொல்லப்படுறவங்கன்னு பாத்தா ஏர்லுக்கு வேள் நல்லாவே பொருந்துது.

வேண்மாள் பொறப்பால வர்றது, கவுண்டஸ் கல்யாணத்தால வர்றதுன்னு நீங்க கேப்பீங்க, நியாயமான கேள்விதான். வேளிர் வீட்டுப் பொண்ணு சேரனைக் கட்டிக்கிட்ட பிறகும் வேண்மாளாவே இருந்தா, அடாவுக்கோ புருஷன் மூலமாத்தான் பட்டம். ஆனா கவுண்டஸ்லயும் ரெண்டு வகை உண்டு. ஸ்காட்லாந்துல பல ஏர்ல் பட்டங்கள் பொண்ணுங்களுக்கும் எறங்கும், எலிசபெத் சதர்லாந்து 1963லேர்ந்து 2019ல சாகுற வரைக்கும் தன் சொந்த உரிமைலயே சதர்லாந்து கவுண்டஸ். இவங்களத் தன்னுரிமை வேண்மாள்னு எழுதலாம், கணவர் வழில வந்தா வெறும் வேண்மாள். சொல்லோட பொருளைக் கொஞ்சம் விரிக்கிறோம்தான், கலைச்சொல்லுக்கு அது அனுமதிக்கத்தக்கதுன்னு நான் நெனைக்கிறேன். லவ்லேஸ் வேண்மாள், சதர்லாந்து வேண்மாள், வாய்ல தடையில்லாம வருது.

மார்சியனெஸுக்கு இன்னும் எதுவும் தோணல. மார்ச்னா எல்லைப்புறம், அதைக் காத்தவன் மார்க்வெஸ். கல்வெட்டுகள்ல பழக்கமுள்ளவங்க எல்லைக்காவல் பொருள்ல ஏதாவது பட்டப்பேர் பாத்திருந்தா இதே இழைல போடுங்க, டச்சஸை அதுக்கப்புறம் எடுத்துக்கலாம்.