பழைய மர அலமாரி: முழுசா உரிக்கணுமா, மேலேயே அடிக்கலாமா?

சூளைமேடு_வாசி:
ரெண்டு கதவு மர அலமாரி. 5 அடி உயரம், 3 அடி அகலம், ஒண்ணேகால் அடி ஆழம். பச்சை எனாமல், 25 வருஷத்துக்கு மேல பழசு. கதவு ஓரத்துல மட்டும் பெயிண்ட் உரிஞ்சு மரம் தெரியுது. வெள்ளையா மாத்தி உள்ள துணி வைக்கணும். பட்ஜெட் 2,500 ரூபாய், ஆள் வைக்காம நானே செய்யப் போறேன். பழைய பெயிண்ட் முழுசா போகணுமா?

தூரிகை:
தேவையே இல்ல. இறுக்கமா பிடிச்சிருக்கிற பழைய எனாமலை விட நல்ல அடித்தளம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. பிடிச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. பிளேடால பெருக்கல் குறி மாதிரி மரம் வரைக்கும் கீறி, மேல பிரவுன் டேப்பை ஒட்டி நல்லா தேய்ச்சு, வெடுக்குனு இழுங்க. கதவு, பக்கப் பலகை, மேல் பலகை, கால்னு தனித்தனியா செய்யணும். டேப்போட பெயிண்ட் வராத பலகையைச் சுரண்ட வேண்டாம். உரியிற இடத்தை மட்டும் பட்டித் தகடால எடுத்து, விரல்ல மேடு பள்ளம் தட்டாத வரைக்கும் 120 நம்பர் உப்புத்தாள் போட்டு, 220-ல முடிங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி வெந்நீர், சோப்புத்தூள் போட்டுக் கழுவணும். பிசுக்கு மேல உப்புத்தாள் போட்டா பிசுக்கைப் பரப்பத்தான் செய்வீங்க. அப்புறம் பெயிண்ட் அங்கங்க வட்டமா விலகிக் கண் விழும்.

கடைசல்:
டேப் சோதனை பூச்சு பிடித்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அடியில் என்ன மரம், எத்தனை பூச்சு என்று சொல்லாது. காலின் அடிப்பக்கம், முதுகுப் பலகையின் பின்புறம் இங்கெல்லாம் பெரும்பாலும் பெயிண்ட் இருக்காது. அங்கே ஒரு இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். பொன் கலந்த பழுப்பு, தொட்டால் எண்ணெய்ப் பசை, தோல் போல ஒரு வாசனை என்றால் தேக்கு. அதற்கு வெள்ளை எனாமல் அடிப்பது அநியாயம், உரித்துவிட்டு பாலிஷ் போடுங்கள்.

தேக்கு இல்லையென்றாலும் ஒரு சிக்கல் உண்டு. இருக்கிற பூச்சோடு பிரைமர் (அடிப்பூச்சு) ஒன்று, எனாமல் இரண்டு ஏறினால் மழைக்காலத்தில் மரம் ஊதும்போது கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். திறக்கிற ஒவ்வொரு முறையும் ஓரம் பிய்யும். இப்போது கதவு ஓரம் மட்டும் உரிந்திருக்கிறதே, காரணம் இதுதான்.

தூரிகை:
ஓரம் விஷயம் சரி, ஒத்துக்கறேன். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஏடிஎம் கார்டு சுத்தி வர லேசா நுழையணும். நுழையலைன்னா அந்த விளிம்பை மட்டும் மரம் வரைக்கும் எடுத்துடுங்க. அதுக்காக முழு அலமாரியையும் உரிக்கச் சொல்றது ஓவர். ஜெல் ரிமூவர் (பழைய பெயிண்டைக் கழட்டுற களிம்பு) வாங்கினா பட்ஜெட்ல பாதி அதுக்கே போயிடும்.

பல்லாவரம்_பக்கம்:
ரிமூவர் எதுக்கு பாஸ்? காஸ்டிக் சோடாவைக் கரைச்சுத் தடவினா எல்லாம் வழண்டு வந்துடும். அம்பது ரூபா மேட்டர்.

கடைசல்:
தயவுசெய்து வேண்டாம். காஸ்டிக் பழைய பெயிண்டில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கித்தான் கழற்றுகிறது. மரத்தின் நரம்புக்குள் கொஞ்சம் தங்கினாலும், மேலே புதிதாக அடிக்கிற எண்ணெய் எனாமலையும் அதே மாதிரி சோப்பாக்கும். சில மாதத்தில் பிசுபிசுத்து உரியும். தேக்காக இருந்தால் கறுத்தும் போகும், ஒட்டுப்பலகையாக இருந்தால் அடுக்கு பிரியும். கையிலோ கண்ணிலோ பட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பொறுமைசாலி:
ரெண்டு பேருமே முக்கியமானதை விட்டுட்டீங்க. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல கூடாதுங்கற மத்திய அரசு விதி 2016-ல வந்து, 2017 நவம்பர்லதான் அமலாச்சு. இது அதுக்கு ரொம்ப முந்தின பெயிண்ட், அதுவும் பச்சை. அந்தக் காலத்து மஞ்சள், பச்சை எனாமல்ல ஈயக் குரோமேட் நிறமி சாதாரணமா போடுவாங்க. அதனால ஈயம் இருக்குன்னே வெச்சுக்கிட்டு வேலை செய்யணும். மெஷின் போட்டு உலர்வா தேய்க்காதீங்க, ஹீட் கன் காட்டாதீங்க. வாட்டர் பேப்பரைத் தண்ணியில நனைச்சு நனைச்சுத் தேய்ங்க. கீழே பிளாஸ்டிக் ஷீட், மூஞ்சியில என்95. வழியிற சேற்றைப் பழந்துணியில ஒத்தி எடுத்துக் கவர்ல கட்டிப் போடுங்க. பெருக்கக் கூடாது. குழந்தைங்க, கர்ப்பிணிங்க அந்தப் பக்கமே வரக் கூடாது.

தூரிகை:
இதைத்தானே நானும் சொல்றேன்! முழுசா உரிச்சா அவ்வளவு ஈயமும் வெளிய வரும். மூடி அடிச்சா உள்ளயே கிடக்கும். நான் உப்புத்தாள் சொன்ன இடத்துல எல்லாம் வாட்டர் பேப்பர்னு படிச்சுக்கோங்க.

கடைசல்:
ஜெல் ரிமூவரில் தூசி வராது, வழண்ட பெயிண்ட் களிம்பாகத்தான் வரும். ஆனால் பல ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது. கதவடைத்த அறையில் அதன் ஆவி ஆளையே சாய்த்துவிடும். மொட்டை மாடி நிழலில்தான் செய்ய வேண்டும். உரிப்பதா, மூடுவதா என்பதை மரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தேக்கு என்றால் என் கருத்தில் மாற்றமில்லை.

சூளைமேடு_வாசி:
தேக்கா இருந்தாலும் பாலிஷ் வேண்டாம் சார், வீட்ல எல்லாருக்கும் வெள்ளைதான் வேணும். வாட்டர் பேஸ் எனாமலா, ஆயில் பேஸா? எவ்வளவு வாங்கணும்?

தூரிகை:
வெளிப்பக்கத்துக்கு ஆயில். முன்பக்கம் 15, பக்கங்கள் ரெண்டும் சேர்த்து 12.5, தலை 3.75, கதவு உள்பக்கம் 15. மொத்தம் 46 சதுர அடி சொச்சம். ரெண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர், ஒரு கோட் பிரைமருக்கு அரை லிட்டர் போதும். பிரைமர் வெள்ளையா கேட்டு வாங்குங்க, பிங்க் வாங்கினா மூணாவது கோட் அடிக்க வேண்டி வரும். கூட டர்பண்டைன் அரை லிட்டர், 2 இஞ்ச் பிரஷ், 4 இஞ்ச் ஃபோம் ரோலர், சின்ன டப்பா மரப் பட்டி. சுவர்ப் பட்டி மிச்சம் இருக்குன்னு அதை மரத்துல போடாதீங்க. மரம் சுருங்கி விரியிறப்ப அது வெடிச்சு உதிரும். எல்லாம் 2,500-க்குள்ள அடங்கிடும்.

பொறுமைசாலி:
வெள்ளைக்கு ஆயிலா? ஆல்கைட் எனாமல், அதாவது இந்த ஆயில் பேஸ், வெளிச்சம் படாத இடத்துல மஞ்சளாகும். கதவு உள்பக்கம் ரெண்டு வருஷத்துல பழைய சோறு கலர்ல நிக்கும். வாட்டர் பேஸ் அந்த அளவுக்கு மஞ்சளாகாது, வாசனையும் கம்மி.

தூரிகை:
வாட்டர் பேஸ் கதவும் சட்டமும் தொடுற இடத்துல ஒட்டிக்கும். நம்ம ஊர்ப் புழுக்கத்துல அது முழுசா இறுக வாரக்கணக்காகும்.

கடைசல்:
தொடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் ஒட்டாது. வாட்டர் பேஸின் உண்மையான ஆபத்து வேறு. தேக்கு போன்ற மரம் வெளியே தெரிகிற இடத்தில் அதன் சாறு தண்ணீரில் கரைந்து வெள்ளைக்கு மேல் பழுப்புக் கறையாக எழும். எத்தனை கோட் அடித்தாலும் மறையாது. 100 கிராம் அரக்குச் செதிலை அரை லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் ஒரு இரவு ஊறவைத்து, வெறும் மரம் தெரிகிற இடங்களில் மட்டும் இரண்டு கை பூசுங்கள். கறை அங்கேயே நின்றுவிடும். மெழுகு நீக்கிய அரக்காக இருந்தால் அதன் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்கும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், பூஜை விளக்குப் பக்கம் வைக்காதீர்கள்.

தட்டுகளில் மாவு மாதிரி உளு (மரம் துளைக்கும் வண்டு உதிர்க்கும் தூள்) கொட்டியிருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். துளைக்குள் ஊசியால் மரப்பூச்சி மருந்து ஏற்றி, ஒரு வாரம் கழித்துப் பட்டி வைத்து அடையுங்கள். உயிருள்ள வண்டு பெயிண்டையும் துளைத்துக்கொண்டு வரும்.

பல்லாவரம்_பக்கம்:
இதெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில ஆரம்பிக்காதீங்க. ஈரக்காத்துல ஸ்பிரிட் பாலிஷ் வெள்ளையா பூத்துடும், எனாமல் பளபளப்பு செத்துடும்.

தூரிகை:
இது கரெக்ட். தை மாசி நல்ல டைம். காலைல 10 மணிக்கு மேல ஆரம்பிச்சு 2 மணிக்குள்ள முடிங்க, நேர் வெயில் வேண்டாம். வெயில்ல மேல்தோல் மட்டும் காஞ்சு உள்ள கொப்புளம் கட்டும். கோட்டுக்கு நடுவுல முழுசா ஒரு நாள் விட்டு, 320 வாட்டர் பேப்பர் லேசா போடுங்க. கீல், பூட்டு எல்லாத்தையும் கழட்டிட்டு அடிங்க. திருகு ஓட்டை தளர்ந்திருந்தா தீக்குச்சியில ஃபெவிகால் தடவிச் செருகி, காஞ்சப்புறம் அதே திருகை முடுக்குங்க. உள் தட்டுக்குப் பெயிண்டே வேண்டாம், கழுவிக் காயவெச்சுத் தாள் விரிச்சா போதும். அங்க எனாமல் அடிச்சா துணியெல்லாம் பெயிண்ட் வாசனை அடிக்கும்.

பொறுமைசாலி:
உள் தட்டுலயும் பச்சை எனாமல் இருந்தா? அதை மூடாம துணி வைக்கச் சொல்றீங்களா?

தூரிகை:
பெயிண்ட் இருந்தா வேற கதை. அப்ப உள்ளுக்கு மட்டும் உங்க வாட்டர் பேஸ் அரை லிட்டர் வாங்கிக்கட்டும். கதவைத் திறந்தே வெச்சு மூணு வாரம் காயட்டும், அப்புறம் துணி.